வருகை வீசாவும் மலையகத்துக் காகிதங்களும்

சில வாரங்களுக்கு வெளிநாடு சென்றுவர விரும்பும் ஒருவரிடம், எந்த நாட்டின் வீசா விண்ணப்பமும், அது எத்தனை பக்கங்களுக்கு நீண்டாலும், மூன்று விடயங்களையே விசாரிக்கிறது. நீங்கள் யார், எதற்காக வருகிறீர்கள், சொன்ன நாளில் திரும்பிச் செல்வீர்களா என்பன அவை. முதல் இரண்டுக்கும் எப்படியாவது பதில் எழுதிவிடுகிறோம். மூன்றாவதை நிரூபிக்கும் இடத்தில்தான் இலங்கையின் மலையகத்தில் வாழும் இந்திய வம்சாவளித் தமிழர்களான நம்மவர்கள் பலர் தடுமாறுகிறார்கள். கொழும்பில் இருப்பவர் காணி உறுதியையும் வாகனப் பதிவுப் புத்தகத்தையும் கம்பனிக் கடிதத்தையும் எடுத்து வைக்கிறார். நான்கு தலைமுறைகளாகத் தோட்டத்து வரிசை வீடான ஒரே லயத்தில், ஒரே மலையின் சரிவில் வாழ்ந்துவரும் குடும்பத்திடமோ அந்த வீட்டுக்கு ஓர் உறுதிப் பத்திரம் கிடையாது. இந்த நாட்டுக்கு வந்து இருநூறு ஆண்டுகளானதை 2023 ஆம் ஆண்டில் நினைவுகூர்ந்த ஒரு சமூகத்திடம் வேரூன்றியிருப்பதற்குச் சான்று கேட்பதும், அந்தச் சான்றைத் தேடி நாம் அலைவதும் விசித்திரமானவைதாம்.

ஹட்டனுக்கு அருகே ஆசிரியராக இருப்பதால், இத்தகைய படிவங்களோடு என்னிடம் வருவோர் உண்டு. தூதரகத்தின் மனநிலையை என்னால் ஊகிக்க இயலாது, வீசா கிடைக்கும் என்று உறுதி சொல்லவும் முடியாது. எந்தக் கேள்விக்கு நம்மிடம் உள்ள எந்தக் காகிதம் பதிலாகும் என்பதை மட்டும் ஓரளவு சொல்ல முடியும்.

முதற்கேள்வி பெயரைப் பற்றியது. தோட்டத்தில் பிறந்தவரின் பிறப்பை அந்நாளில் வேறு யாரோ சொல்ல, வேறு மொழியில் ஒருவர் எழுதிக்கொண்டார். தந்தையின் பெயர் ஒரு சான்றிதழில் ராமசாமி என்றும், இன்னொன்றில் ராமஸ்வாமி என்றும், தேசிய அடையாள அட்டையின் ஆங்கில எழுத்துகளில் மூன்றாவது வடிவிலும் இருக்கும். உள்ளூரில் இதனால் பெரிய தொல்லை நேர்வதில்லை, பிரதேச செயலகத்தில் ஒரு சத்தியக் கடதாசியோடு காரியம் முடிந்துவிடும். எல்லையிலோ கடவுச்சீட்டில் இருக்கும் எழுத்து வரிசையே பெயர். வீசாவிலும் விமானச் சீட்டிலும் காப்புறுதிப் பத்திரத்திலும் அதே வரிசை, ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், இருக்க வேண்டும். நமது வழக்கப்படி தந்தையின் பெயர் முன்னால் வருவதால், படிவத்தின் குடும்பப் பெயர்க் கட்டத்தில் எதை எழுதுவது என்ற குழப்பமும் எழும். கடவுச்சீட்டின் குடும்பப் பெயர் வரியில் அச்சாகியிருப்பது எதுவோ, அது தந்தையின் பெயராயினும் தாத்தாவின் பெயராயினும், அதையே எழுதுவதுதான் ஒழுங்கு. முதலெழுத்துகளைச் சுருக்கி எழுதும் பழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும்.

பிறப்புப் பதிவே இல்லாத முதியவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் இருக்கலாம். அதை மறைக்கத் தேவையில்லை. அதுவும் அரசு வழங்கும் ஆவணமே. தமிழிலோ சிங்களத்திலோ உள்ள ஆவணம் எதையும் சத்தியப் பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைக்கொண்டு ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, மூலத்தோடு இணைக்க வேண்டும். கோயிலில் தாலி கட்டி முப்பது வருடம் குடும்பம் நடத்தியும் திருமணத்தைப் பதிவு செய்யாதவர்கள் தோட்டங்களில் ஏராளம். கணவன் மனைவியாக ஒன்றாக விண்ணப்பிக்கவோ, அங்குள்ள துணைவரைப் பார்க்கப் போகவோ நினைப்பவர்கள் இந்த வேலையை முதலில் முடித்துவைப்பது நல்லது.

மலையகத்தவர்கள் மிக அதிகமாகப் போய்வர விரும்பும் நாடு இந்தியாதான். அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நம் மூத்தோர் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. 1964 ஒக்டோபரில் கையெழுத்தான சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் 975,000 பேரைக் கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் எனப் பிரித்தது. மீந்த 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. தலைமன்னாரில் கப்பலேறியவர்களுள் கணிசமானோர் தமிழ்நாட்டின் கூடலூர், கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்ந்தார்கள். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று நின்ற குடும்பங்களின் பிள்ளைகள் இன்று ஒருவரையொருவர் பார்க்க வேண்டுமானால், இரு பக்கத்தவரும் வெளிநாட்டுப் பயணிகள்தாம்.

இந்திய அரசின் இணையவழி வீசா இலங்கைக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கும் வழங்கப்படுகிறது. சுற்றுலாப் பிரிவில் 30 நாட்கள், ஓராண்டு, ஐந்தாண்டு என வகைகள் உண்டு. உறவினரைப் பார்ப்பதும் அந்தப் பிரிவுக்குள் அடங்கும் என்பதால் அதற்கென வேறு வீசா தேடவேண்டியதில்லை. கடவுச்சீட்டு ஆறு மாதங்களாவது செல்லுபடியாக வேண்டும், முத்திரையிட இரண்டு வெற்றுப் பக்கங்கள் இருக்க வேண்டும். குறிக்கப்பட்ட நுழைவிடங்கள் வழியாக மட்டுமே இந்த வீசாவில் உள்ளே நுழையலாம். சென்னையும் திருச்சியும் அவற்றுள் அடங்குவதால் நமக்கு அது பெரிய தடை அன்று. காங்கேசன்துறையிலிருந்து நாகப்பட்டினத்துக்குக் கப்பலில் போக நினைப்பவர்கள், தம் வீசா வகை அந்தத் துறைமுகத்தில் ஏற்கப்படுமா என்பதைச் சீட்டு வாங்கும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணையம் கைவராதவர்களுக்குக் கண்டியில் இந்திய உதவி உயர் ஸ்தானிகராலயம் இருக்கிறது. இன்னுமொன்று: தேடுபொறியில் முதலில் வந்து விழும் பக்கங்கள் பல, அரசுப் பக்கத்தைப் போலவே நிறமும் சின்னமும் பூசிக்கொண்டு கூடுதல் கட்டணம் பறிக்கும் இடைத்தரகர்களின் பக்கங்கள். இந்திய அரசின் பக்க முகவரி ‘கவ் டொட் இன்’ என்று முடியும், அதைப் பார்த்த பிறகே பணம் செலுத்துங்கள்.

அந்தப் படிவத்தில், உங்கள் குடியுரிமை பிறப்பால் வந்ததா, பின்னர் பெறப்பட்டதா என்றொரு கேள்வி வரும். மற்ற இலங்கையர்கள் ஒரு கணமும் யோசிக்காமல் தாண்டிப்போகும் இந்தக் கட்டத்தில் நம் வீட்டு முதியவர்கள் நின்றுவிடுகிறார்கள். இங்கேயே பிறந்து, இங்கேயே வேலை செய்து, ஆனால் பதிவின் மூலமே பிரஜையானவர்கள் அவர்கள். 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கியது; அதற்கு முந்திய சட்டங்களின் கீழ் பெற்றவர்களும் இருக்கிறார்கள். அவரவர் வரலாறு எதுவோ அதை அப்படியே எழுத வேண்டும். பெட்டியின் அடியில் பழைய பிரஜாவுரிமைச் சான்றிதழ் இருந்தால் அதைப் பத்திரப்படுத்தி, அதன் பிரதி ஒன்றைக் கடவுச்சீட்டோடு வைத்துக்கொள்வது பயன்தரும். அந்தக் கடதாசியின் அருமை நம் இளையவர்களுக்குத் தெரிவதில்லை. லயத்துக் கூரை ஒழுகி அது நனைந்து கிழிந்துபோனதைப் பார்த்திருக்கிறேன்.

வைத்தியத்துக்காகத் தமிழ்நாடு செல்பவர்கள் சுற்றுலா வீசாவில் போய்ச் சமாளித்துக்கொள்ளலாம் என்று நினைப்பது சரியன்று. மருத்துவத்துக்கெனத் தனி இணைய வீசா 60 நாட்களுக்கு வழங்கப்படுகிறது. அதில் மூன்று தடவை உள்ளே போய்வரலாம். நோயாளியோடு உதவியாளர் இருவர் வரை தனிப்பிரிவில் விண்ணப்பிக்க இயலும். அதற்கு மருத்துவமனையின் கடிதம் தேவை. சத்திரசிகிச்சை தள்ளிப்போய், சுற்றுலா வீசாவின் நாட்கள் தீர்ந்து, நோயாளியோடு அலுவலகங்களுக்கு அலைவதைவிட, தொடக்கத்திலேயே அந்தக் கடிதத்தைப் பெற்றுவிடுவது மேல். அங்கே உறவினர் வீட்டில் தங்குவதாக இருந்தால், வெளிநாட்டவர் தங்குவதைப் பற்றிய தகவலை 24 மணித்தியாலத்துக்குள் இணையத்தில் பதிவு செய்ய வேண்டிய பொறுப்பு அந்த வீட்டாருக்கு இருக்கிறது. விடுதிக்காரர்கள் அதை வழக்கமாகச் செய்துவிடுவார்கள். சித்தப்பா வீட்டில் யாரும் அதை நினைப்பதில்லை, நீங்களே நினைவூட்ட வேண்டும்.

இனி மூன்றாவது கேள்விக்கு வருகிறேன். ஐரோப்பிய, ஆங்கிலேய, கனடிய, அமெரிக்க வீசாக்களில் மறுப்புக்கு மிகச் சாதாரணமான காரணம், பயணி நாடு திரும்புவார் என்பதில் அதிகாரிக்கு ஏற்படும் ஐயம். அமெரிக்கச் சட்டத்தின் 214 ஆம் பிரிவு, வருகை வீசா கேட்பவர் அங்கேயே தங்கிவிட எண்ணுபவர் என்ற முன்னனுமானத்தில்தான் தொடங்குகிறது. இல்லை என்று காட்டும் பொறுப்பு விண்ணப்பதாரருடையது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்குப் பொதுவான ஷெங்கன் வீசாவை மறுக்கும்போது தரும் அச்சுப் படிவத்திலும் இதே ஐயம் ஒரு காரணமாக அச்சடிக்கப்பட்டிருக்கும்.

காணி உறுதி இல்லாத நாம் இதற்கு எதைக் காட்டுவது? முதலில் வேலை. தோட்டத்தில் வேலை செய்பவரின் மாதச் சம்பளச் சீட்டில் அவர் எத்தனை பேர் போட்டார், அதாவது எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு பிடித்தம் போயிற்று என்பது வரை எழுதப்பட்டிருக்கும். ஊழியர் சேமலாப நிதியின் கணக்குக் கூற்று, அவர் எத்தனை ஆண்டுகளாக அதே இடத்தில் உழைக்கிறார் என்பதைக் காட்டிவிடும். இருபது வருடச் சேமலாப நிதிப் பதிவு, என் எண்ணத்தில், நேற்று எழுதிய காணி உறுதியைவிட உறுதியான சாட்சி. முகாமையாளரிடம், தோட்டத்து வழக்கில் துரையிடம், விடுமுறை அனுமதிக் கடிதம் ஒன்றை வாங்குங்கள். இன்ன திகதி முதல் இன்ன திகதி வரை விடுமுறை, அதன் பின் மீண்டும் வேலைக்கு வருவார் என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும். ‘இவர் நல்லவர், எனக்கு நன்கு தெரிந்தவர்’ என்ற நற்சான்று வேறு, இந்தக் கடிதம் வேறு.

கந்தப்பளைப் பக்கம் மரக்கறி பயிரிடுபவர்களிடம் குத்தகை ஒப்பந்தமும் விற்பனைச் சிட்டைகளும் இருக்கும். சிறு தேயிலைத் தோட்டக்காரர்களுக்குக் கொழுந்து கொடுத்ததற்கான மாதக் கணக்கு வரும். கடை வைத்திருப்பவரிடம் வியாபாரப் பதிவுச் சான்றிதழ் இருக்கும். வதிவிடத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழைப் பிரதேச செயலாளரின் மேலொப்பத்துடன் பெறலாம். பாடசாலை செல்லும் பிள்ளைகள், பராமரிப்பில் உள்ள பெற்றோர் ஆகியோரும் திரும்பி வருவதற்குரிய காரணங்களே. அண்மைய வீடமைப்புத் திட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியோடு வீடு பெற்று, அதற்கு உறுதியும் கையில் கிடைத்தவர்கள் அதையும் சேர்க்கலாம். இவற்றையெல்லாம் ஒரே பக்கக் கடிதமொன்றில் கோவையாக விளக்கி, எந்த ஆவணம் எதைக் காட்டுகிறது என்று எழுதிவிட்டால், அதிகாரிக்கும் வேலை இலகுவாகும். லயக் குடியிருப்பு என்றால் என்ன, அதற்கு ஏன் உறுதி இல்லை என்பதை வேறொரு நாட்டிலிருந்து கோப்பைப் பார்க்கும் ஒருவர் அறிந்திருக்க நியாயமில்லை. இரண்டு வரியில் நாமே சொல்லிவிட வேண்டும்.

வங்கிக் கணக்கு விடயத்தில் நம்மவர்கள் தொடர்ந்து ஓர் உபாயத்தை நம்புகிறார்கள். நகையை அடகு வைத்தும் உறவினரிடம் கைமாற்று வாங்கியும் பெரிய தொகையொன்றைக் கணக்கில் போட்டு, மறுவாரமே மீதி உறுதிப்படுத்தும் கடிதம் எடுத்துக் கொடுப்பதுதான் அது. கூற்றைப் புரட்டும் அதிகாரிக்கு இது முதல் பார்வையிலேயே தெரியும். ஆறு மாதமாக ஐயாயிரம், எட்டாயிரம் என்று நடந்த கணக்கில் ஒரே நாளில் பத்து இலட்சம் விழுந்தால், அந்தத் தொகையே சந்தேகத்துக்கு வித்தாகிவிடும். செலவை அங்குள்ள உறவினர் ஏற்பதாக இருந்தால் அதை வெளிப்படையாகச் சொல்லி, அவருடைய அழைப்புக் கடிதத்தையும் சம்பளச் சான்றையும் குடியிருப்பு அந்தஸ்துக்கான ஆவணத்தையும் இணைப்பதே நேர்வழி. அழைப்புக் கடிதம் செலவுக்குப் பதில் சொல்லும், திரும்பி வருவதற்குப் பதில் சொல்லாது. முன்னர் எங்காவது மறுக்கப்பட்டிருந்தால் அதையும் எழுத வேண்டும். பொய்யான ஆவணம் கொடுத்து அகப்படுபவரை இங்கிலாந்து பத்தாண்டு வரை விலக்கிவைக்கக்கூடும். சாதாரண மறுப்புக்குப் பின் மீண்டும் விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

ஷெங்கன் வீசாவைப் பற்றிச் சுருக்கமாக: 29 நாடுகளுக்கு ஒரே வீசா. எந்த 180 நாட்களை எடுத்துக்கொண்டாலும் அவற்றுள் 90 நாட்களுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. ஒரு நாட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தாண்டினால் கணக்கு புதிதாகத் தொடங்கும் என்பது தவறான எண்ணம். பயணத்துக்கு ஆறு மாதங்களுக்கு முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்புறுதி கட்டாயம். கடவுச்சீட்டு பத்தாண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும், அங்கிருந்து புறப்படும் நாளுக்குப் பின் மூன்று மாதங்களாவது செல்லுபடியாவதாகவும் இருக்க வேண்டும். 2025 ஒக்டோபரில் தொடங்கிய புதிய பதிவு முறையில் கைரேகையும் முகப்படமும் எடுத்து, வந்த நாளையும் போன நாளையும் கணினியே குறித்துக்கொள்கிறது. முத்திரை தெளிவில்லை என்று தப்பிக்கும் காலம் போய்விட்டது.

பலருக்கும் தெரியாத ஒன்று இடைமாறல் வீசா. கனடாவுக்கு வீசா கிடைத்த மகிழ்ச்சியில், விலை குறைவென்று பிராங்பேர்ட் அல்லது லண்டன் வழியாகச் சீட்டு வாங்கிவிடுகிறார்கள். ஷெங்கன் நாடுகளின் விமான நிலையங்களில், வெளியே வராமல் விமானம் மாறுவதற்கும் வீசா கேட்கப்படும் பன்னிரண்டு நாடுகளின் பொதுப் பட்டியலில் இலங்கை இருக்கிறது. இங்கிலாந்திலும் இலங்கையர்களுக்கு இத்தகைய விதி உண்டு. கனடா, அமெரிக்கா போன்ற சில நாடுகளின் செல்லுபடியாகும் வீசா வைத்திருப்பவர்களுக்கு விலக்கு இருந்தாலும், அது எல்லாப் பயணங்களுக்கும் ஒரே மாதிரிப் பொருந்துவதில்லை. சீட்டுக்குப் பணம் கட்டுவதற்கு முன், இறங்கும் ஒவ்வொரு விமான நிலையத்துக்கும் உரிய விதியைத் தனித்தனியே பார்த்துவிட வேண்டும். பயணியைத் தடுத்துத் திருப்பியனுப்பினால் செலவும் அபராதமும் விமான நிறுவனத்தின் தலையில் விழும் என்பதால், கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் மேசையில் இருப்பவரே முதல் எல்லைக் காவலர். அவர் திரையில் பார்ப்பது, விமான நிறுவனங்கள் பொதுவாகப் பாவிக்கும் டிமாட்டிக் என்ற தரவுத்தளத்தை.

சிங்கப்பூருக்கு நமக்கு முன்கூட்டிய வீசா வேண்டியதில்லை. வருவதற்கு மூன்று நாட்களுக்குள் இணையத்தில் வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அது இலவசம். மாலைதீவு ஏறக்குறைய எல்லா நாட்டவர்க்கும் வந்திறங்கும்போதே 30 நாட்கள் தருகிறது. மலேசியாவுக்கு இணைய வீசாவும் வருகை அட்டையும் இரண்டும் தேவை. தாய்லாந்து 2024 ஜூலையில் வீசா விலக்கை 93 நாடுகளுக்கு விரிவாக்கியபோது இலங்கையையும் சேர்த்தது, ஆனால் இத்தகைய சலுகைகளை ஓர் அமைச்சரவைக் கூட்டம் மாற்றிவிடலாம் என்பதால் புறப்படும் வாரத்தில் மீண்டும் பார்ப்பது அவசியம். வீசா வேண்டாத நாட்டிலும் திரும்பும் சீட்டு, தங்குமிடம், செலவுக்குப் பணம் ஆகியவற்றை எல்லை அதிகாரி கேட்கலாம். வீசா என்பது வாசல் வரை வருவதற்கான அனுமதி. உள்ளே விடுவதா என்பதை முடிவு செய்பவர் அங்கே மேசையில் இருப்பவர்தான்.

வருகை வீசாவின் பெயரால் நம் பகுதியில் நடக்கும் ஒரு கொடுமையை இங்கே தவிர்க்க முடியாது. தோட்டத்துச் சம்பளம் போதாமல் மத்திய கிழக்கில் வீட்டு வேலைக்குப் போக நினைக்கும் பெண்களிடம் தரகர்கள், ‘இப்போது விசிட்டில் போங்கள், அங்கே போனதும் வேலை வீசாவாக மாற்றிவிடலாம்’ என்கிறார்கள். வேலைவாய்ப்புப் பணியகப் பதிவு, மருத்துவப் பரிசோதனை, பயிற்சி எதுவும் வேண்டாம், இரண்டு வாரத்தில் விமானம் ஏறலாம் என்பது கேட்க இனிப்பாகத்தான் இருக்கும். இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்யாமல் போகும் பெண்ணுக்கு அங்கே ஒப்பந்தம் இல்லை, காப்புறுதி இல்லை. சம்பளம் கிடைக்காவிட்டாலும் அடி விழுந்தாலும் முறையிட அவர் கையில் ஓர் ஆவணமும் இராது. வருகை வீசாவின் காலம் முடிந்ததும், பாதிக்கப்பட்டவரே சட்டத்தை மீறியவராகவும் ஆகிவிடுகிறார். 2022 இன் இறுதியில் ஓமானில் சிக்கிய இலங்கைப் பெண்களைப் பற்றிய செய்திகள் வந்தபோது, அவர்களில் பலர் சுற்றுலா வீசாவில் அனுப்பப்பட்டவர்கள் என்பது தெரியவந்தது. கணினி வேலை என்று தாய்லாந்துக்கு அழைக்கப்பட்டு, மியன்மார் எல்லைக்குள் கடத்தப்பட்டு, இணைய மோசடிக் கூடங்களில் அடைக்கப்பட்ட இளைஞர்களின் கதையும் இவ்வாறே வருகை அனுமதியில்தான் தொடங்கியது. வேலைக்குப் போகிறவர் வேலை வீசாவில் போக வேண்டும். முகவரிடம் உரிமப்பத்திர இலக்கத்தைக் கேட்டு, அதைப் பணியகத்திலேயே சரிபார்க்க வேண்டும். கேட்டதும் முகம் மாறும் தரகரிடம் மேற்கொண்டு பேச எதுவும் இல்லை.

எதிர்த்திசையில் வருபவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூடலூரிலிருந்து பெரியம்மா பிள்ளைகள் பண்டாரவளைக்கோ பதுளைக்கோ வர விரும்பினால், தாத்தா பிறந்த தோட்டமாக இருந்தாலும் அவர்கள் இந்தியக் கடவுச்சீட்டில் வரும் வெளிநாட்டவர்கள். இலங்கைக் குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் இணையவழிப் பயண அனுமதியை, ஈடிஏ என்று எல்லோரும் சொல்வதை, புறப்படுமுன் எடுத்துவிடச் சொல்லுங்கள். சுற்றுலாவுக்கு அது 30 நாட்கள், இரு தடவை உள்நுழையலாம். கூடுதலாகத் தங்க நினைத்தால் நாட்கள் முடிவதற்கு முன்பே நீடிப்புக் கோர வேண்டும். 2024 ஏப்ரலில் இந்த முறை ஒரு தனியார் கூட்டிடம் கொடுக்கப்பட்டு, ஆகஸ்டில் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தி, செப்டெம்பர் இறுதியில் பழைய முறை திரும்பியது. அந்த மாதங்களில் வந்தவர்கள் எந்தப் பக்கத்தில் விண்ணப்பிப்பது என்று தெரியாமல் திண்டாடினார்கள். ஆகவே இரண்டு வருடத்துக்கு முன் வந்துபோன மாமா சொன்ன இணைய முகவரியையும் கட்டணத்தையும் நம்பாமல், திணைக்களத்தின் பக்கத்தில் அன்றைய நிலையைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தங்கும் முகவரியைக் கேட்கும் கட்டத்தில் தோட்டத்தின் பெயரோடு பிரிவின் பெயரும் அஞ்சல் நகரமும் உங்கள் தொலைபேசி இலக்கமும் சேர்ந்திருக்கட்டும்.